லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் புறநகர்: பாதிக் கால்வாய்கள் சாலைகளாகின, மீதி எப்படிப் பிழைத்தன?

கேள்வி: கழிமுகன்

அனைவருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேற்குக் கரையில், சான்டா மோனிகாவுக்குத் தெற்கே உள்ள வெனிஸ் பகுதியின் தொடக்கக் காலத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஆபட் கின்னி என்ற புகையிலைச் செல்வந்தர் 1905-ஆம் ஆண்டு கால்வாய்களை வெட்டி ஓர் உல்லாசப் புறநகரை உருவாக்கினார் என்றும், 1929-இல் அக்கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின என்றும் சுருக்கக் குறிப்புகள் அனைத்தும் சொல்கின்றன. ஆனால் இன்றைய வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அங்கே ஆறு கால்வாய்களில் நீர் நிற்கிறது. அவற்றின் கரையில் வீடுகளும் வளைந்த நடைபாலங்களும் இருக்கின்றன. தூர்த்தவை எவை, எஞ்சியவை எவை என்பதில் எனக்குத் தெளிவு இல்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. கின்னி இத்தாலியின் வெனிஸ் நகரத்தின் மீது கொண்ட மோகத்தால் மட்டுமே கால்வாய்களை வெட்டினாரா, அல்லது அந்த நிலத்தின் தன்மையே அவரை அந்த வழிக்குத் தள்ளியதா? நிலவியலும் பழைய ஆவணங்களும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். கடல் நீர் அந்தக் கால்வாய்களுக்குள் எவ்வாறு வந்து சென்றது என்பதையும் யாரேனும் சொல்ல முடியுமானால் மகிழ்ச்சி.

பதில்: நிலவரையன்

நண்பர் கழிமுகனுக்கு வணக்கம். இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

சான்டா மோனிகா வளைகுடாவின் கரையில் வடக்கே உயர்ந்த மேட்டு நிலமும், தெற்கே பிளாயா டெல் ரே பக்கம் மணற்குன்றுகளும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்நிலமே பலோனா. கடலோரத்தில் ஒரு குறுகிய மணல்திட்டு நீளமாகக் கிடக்க, அதற்குப் பின்னால் உவர்ச் சதுப்பும் உப்பங்கழியும் பரந்திருந்தன. இன்று பலோனா ஓடை என்று அழைக்கப்படும் சிற்றாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. அந்த ஓடைக்கு அவ்வளவு அகன்ற பள்ளத்தாக்கு எப்படி வாய்த்தது என்று வரைபடத்தைப் பார்ப்பவர்கள் வியப்பதுண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ஆறு ஒருகாலத்தில் மேற்கு நோக்கி ஓடி இந்தப் பலோனா வழியாகவே கடலை அடைந்தது. 1825-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது தெற்கே சான் பெட்ரோ பக்கம் திரும்பிவிட்டது. ஆறு விலகிய பின்பு எஞ்சியது அதன் பழைய படுகையும், மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஓடையும், கடல் ஏறும்போது உப்புநீர் நுழையும் சதுப்பும்தான்.

இந்தக் கழியின் ஓரங்களில் டோங்வா என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். மீனும் சிப்பியும் நீர்ப்பறவைகளும் நிறைந்த இடம் அது. பின்னர் மெக்சிகோவின் ஆட்சிக் காலத்தில், 1839-இல், மச்சாடோ குடும்பத்துச் சகோதரர் இருவருக்கும் தலமாந்தேஸ் குடும்பத்தவர் இருவருக்கும் 'ராஞ்சோ லா பலோனா' என்ற பெயரில் 13,920 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வழங்கப்பட்டது. உட்புறப் புல்வெளியில் மாடுகள் மேய்ந்தன. கடலோரச் சதுப்பை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

சதுப்பின் மீது முதலில் பணத்தைக் கொட்டியவர் கின்னி அல்லர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1880-களின் நிலவிற்பனை வேகத்தில் மோய் விக்ஸ் என்பவர் பலோனாக் கழியைத் தோண்டி ஒரு துறைமுகமாக்க முயன்றார். சான்டா ஃபே இரயில் நிறுவனத்தின் துணையுடன் 1887-இல் இருப்புப்பாதையும் கடலோரம் வரை வந்தது. ஆனால் மணல் மீண்டும் மீண்டும் முகத்துவாரத்தை அடைத்தது, நிலவிற்பனை வேகமும் தணிந்தது, ஓரிரு ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. இந்தக் கடற்கரையில் மணலின் நகர்வைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் நிலைக்காது என்ற பாடம் அப்போதே கண்முன் இருந்தது. அடுத்து வந்தவர்கள் அதைப் படித்தார்களா என்பது வேறு.

பதில்: ஏடுபுரட்டி

நிலவரையன் நிலத்தைச் சொன்னார். நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆபட் கின்னி 1850-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். குடும்பத்தின் சிகரெட் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆஸ்துமாவால் பெரிதும் துன்புற்ற அவர், 1880-இல் தென் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது சியரா மாட்ரே மலையடிவாரத்து விடுதி ஒன்றில் அறை கிடைக்காமல் பில்லியர்ட்ஸ் மேசையின் மீது படுத்துறங்கியதாகவும், மறுநாள் மூச்சுத்திணறல் இன்றி எழுந்ததாகவும் ஒரு கதை எல்லா இடங்களிலும் சொல்லப்படுகிறது. கதை எப்படியிருந்தாலும், அவர் அங்கேயே தங்கிவிட்டார் என்பது உண்மை. அவரை வெறும் கேளிக்கை வணிகராகப் பார்ப்பது அநீதி. அப்பகுதிப் பழங்குடியினரின் நிலை குறித்து எழுத்தாளர் ஹெலன் ஹண்ட் ஜாக்சனுடன் சேர்ந்து அரசுக்கு 1883-இல் அறிக்கை அளித்தவர் அவர்; காடு வளர்ப்பிலும் யூகலிப்டஸ் மரத்திலும் தீவிர ஈடுபாடு கொண்டிருந்தவரும் அவரே.

கடற்கரைக்கு அவர் வந்தது 1891-இல், ஃபிரான்சிஸ் ரயன் என்ற பங்காளியுடன். இருவரும் சேர்ந்து சான்டா மோனிகாவின் தெற்கெல்லையை ஒட்டிய நிலத்தை வாங்கி, ஓஷன் பார்க் என்ற பொழுதுபோக்குக் குடியிருப்பை வளர்த்தனர். ரயன் 1898-இல் இறந்தார். அவருடைய பங்கு கைமாறிக் கைமாறி, கின்னியுடன் ஒத்துப்போகாத புதிய பங்காளிகளிடம் போய்ச் சேர்ந்தது. 1904-இன் தொடக்கத்தில் பிரிவினை வந்தபோது நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். கின்னி வென்றார். கட்டி முடிக்கப்பட்டு வருவாய் தந்துகொண்டிருந்த வடபகுதியை அவர் எடுத்திருக்கலாம். ஆனால் தெற்கே கிடந்த மணலையும் சதுப்பையும்தான் கேட்டு வாங்கினார். பங்காளிகள் சிரித்திருப்பார்கள்.

கழிமுகனின் ஐயத்துக்கு என் விடை இதுதான்: மோகமும் உண்டு, தேவையும் உண்டு, ஆனால் தேவையே முதலில் வந்தது. சதுப்பு நிலத்தை மனையாக்க வேண்டுமானால் முதலில் நீரை வடிக்க வேண்டும், பிறகு தரையை உயர்த்த வேண்டும். வாய்க்காலை வெட்டினால் நீர் வடிய வழி பிறக்கிறது. வெட்டிய மண்ணை இருபுறமும் கொட்டினால் மனைகள் மேடாகின்றன. ஒரே வேலையில் இரண்டு பயன். அதற்கு மேல் இத்தாலிய அலங்காரத்தைப் போர்த்தியதுதான் கின்னியின் தனித்திறமை. நார்மன் மார்ஷ், கிளாரன்ஸ் ரசல் என்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு விண்ட்வர்ட் சாலையின் இருபுறமும் தூண் வரிசைகளுடன் கடைத்தெருவைக் கட்டினார். வளைந்த பாலங்கள் போட்டார். கொண்டோலாப் படகுகளை இத்தாலியப் படகோட்டிகளுடன் வரவழைத்தார்.

1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடித்த புயலில், கடலுக்குள் நீளுமாறு கட்டிக்கொண்டிருந்த பாலத்துறை சிதைந்தது. அவர் அசரவில்லை, அலைதடுப்பு ஒன்றை அமைத்துத் துறையை மீண்டும் எழுப்பி, அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் ஊரைத் திறந்தார். அன்று சுமார் 40,000 பேர் திரண்டதாகச் சொல்வார்கள். அவர் எதிர்பார்த்தது சொற்பொழிவும் இசையும் நாடும் பண்பட்ட கூட்டத்தை. வந்ததோ மணலில் புரளவும் ராட்டினத்தில் சுற்றவும் விரும்பிய கூட்டம். முதற்பருவத்துக் கலை நிகழ்ச்சிகள் நட்டத்தில் முடிந்தன. 1906 ஜனவரிக்குள் உப்பங்கழியைச் சுற்றிக் கேளிக்கைக் கூடாரங்கள் வந்துவிட்டன. என் பார்வையில் வெனிஸின் குணம் தீர்மானமானது அந்த ஆறு மாதங்களில்தான்.

பதில்: மதகடி

நான் நீரியல் பொறியியல் துறையில் இருப்பவன். மேலே உள்ளவர்கள் தொடாத நீர்ப்போக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கழிமுகன் குழம்பியதற்குக் காரணம், வெனிஸில் இருந்தது ஒரே கால்வாய்த் தொகுதி அன்று, இரண்டு என்பதைச் சுருக்கக் குறிப்புகள் சொல்லாமல் விடுவதுதான். வடக்கே கின்னி வெட்டியது ஒன்று: நடுவில் ஓர் உப்புநீர்க் கழி, அதிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் கிராண்ட் கால்வாய், அதனோடு இணைந்த கோரல், கப்ரியோ, வீனஸ், லயன், ஆல்டெபரன், ஆல்டேர் என்னும் ஆறு கால்வாய்கள். தெற்கே, ஏறத்தாழ அதே காலத்தில், கின்னியின் திட்டம் பரபரப்பாகப் பேசப்படுவதைக் கண்ட வேறு மனை வணிகர்கள் வெட்டியது மற்றொன்று: கிழக்கு மேற்காகக் கேரல், லின்னி, ஹவ்லண்ட், ஷெர்மன் என நான்கு, அவற்றின் ஒரு முனையை ஈஸ்டர்ன் கால்வாயும் மறு முனையை கிராண்ட் கால்வாயின் தென்தொடர்ச்சியும் இணைக்கின்றன. இன்று நீருடன் இருப்பவை இந்தத் தெற்குத் தொகுதியின் ஆறு கால்வாய்கள்தாம். கின்னி வெட்டியவை ஒன்றுகூட எஞ்சவில்லை.

தெற்கத்திய கட்டம் காகிதத்தில் மிக எளிமையானது. நான்கு குறுக்குக் கோடுகள், இரண்டு நெடுங்கோடுகள்; இடையில் மூன்று ஒடுங்கிய தீவுகள். ஒவ்வொரு தீவின் நடுவிலும் வண்டிகள் வரும் சந்து; வீட்டின் முகப்பு நீரைப் பார்த்திருக்கும், பின்புறம் சந்தைப் பார்த்திருக்கும். இந்த அமைப்பு பின்னாளில் மிகவும் முக்கியமாகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி நீர். தென் கலிஃபோர்னியக் கரையில் கடல்மட்டத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு; இரண்டும் ஒரே உயரம் கொண்டவையல்ல. கின்னியின் தொகுதிக்குக் கடல் நீர் கரையின் அடியில் பதித்த குழாய்கள் வழியே உப்பங்கழிக்குள் வந்து, அங்கிருந்து கால்வாய்களுக்குள் பரவியது. தெற்கே கிராண்ட் கால்வாய் பலோனா உப்பங்கழியோடும், அதன் வழியாக ஓடையின் முகத்துவாரத்தோடும் தொடர்பு கொண்டிருந்தது. கேட்பதற்குச் சரியான ஏற்பாடாகவே தோன்றும்.

ஆனால் ஒரு கால்வாயின் நீர் புதிதாக வேண்டுமானால், ஒவ்வோர் ஏற்றத்திலும் உள்ளே வரும் நீரின் அளவு, ஏற்கெனவே உள்ளே நிற்கும் நீரோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். குழாயின் வாய் சிறிது. அலை அடித்துக் கொண்டுவரும் மணல் அதை மேலும் சிறிதாக்குகிறது. கடலில் மட்டம் ஏறி இறங்கும் ஆறு மணி நேரத்துக்குள் குறுகிய வாயின் வழியே நுழையும் நீர், கால்வாய்களின் முனை வரை சென்று சேர்வதற்குள் வற்றம் தொடங்கிவிடுகிறது. அதனால் வாய்க்கு அருகே உள்ள நீர் மாறிக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள முட்டுச்சந்து போன்ற முனைகளில் அதே நீர்தான் சற்று முன்னே வந்து சற்றுப் பின்னே போகும். ஆள் மூழ்காத அளவே ஆழமுள்ள நீர், நல்ல வெயில், இரு கரையிலும் வீடுகள். பாசி படரும், அடியில் சேறு படியும், நாற்றம் எடுக்கும். சில ஆண்டுகளுக்குள்ளேயே சுகாதார அதிகாரிகளின் கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை.

இதே குறை பின்னாளில் ஃபுளோரிடாவின் கால்வாய்ப் புறநகர்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. 1957-இல் தொடங்கப்பட்ட கேப் கோரல் என்னும் ஊரில் மட்டும் சுமார் 640 கிலோமீட்டர் கால்வாய் உண்டு. மனைகளை உயர்த்த மண் வேண்டும், மண் எடுத்த குழி கால்வாயாகும் என்ற அதே கணக்குத்தான் அங்கும். நீர் சுற்றிவர வழியில்லாத முட்டுக் கால்வாய்களை வெட்டக் கூடாது என்பதை இத்துறை ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கழிமுகன்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு தொகுதிகள் என்பதை அறிந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் மதகடி ஐயா சொன்னதைப் படித்தபின் ஓர் ஊகம் எழுகிறது. தெற்குத் தொகுதி பலோனாக் கழிக்கு அருகில் இருந்ததால் அதில் நீர் ஓரளவு தூய்மையாக இருந்தது, ஆகவே அதைத் தூர்க்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று கொள்ளலாமா?

பதில்: ஏடுபுரட்டி

அப்படிக் கொள்வதற்கில்லை, நண்பரே. நீர் காப்பாற்றியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும், காப்பாற்றியது பணமின்மை.

ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். இந்த ஊர் 1904-இல் ஓஷன் பார்க் என்ற பெயரில் தனி நகராட்சியாகி, 1911-இல் வெனிஸ் என்று பெயர் மாறியது. கின்னி 1920 நவம்பரில் இறந்தார். அடுத்த மாதமே அவருடைய பாலத்துறை தீக்கிரையானது. துறையைக் குடும்பத்தார் மீண்டும் கட்டினாலும், ஊராட்சியை நடத்த ஆளும் இல்லை, காசும் இல்லை. அதற்குள் மோட்டார் வண்டி வந்துவிட்டது. மின்தொடர்வண்டியில் வந்திறங்கி நடந்து திரியும் மக்களுக்காக வடிவமைத்த ஊருக்குள், ஆயிரக்கணக்கான கார்கள் நிறுத்த இடமின்றித் திணறின. நாற்றமெடுக்கும் கால்வாயைத் தூர்த்துச் சாலையாக்கினால் இரண்டு தொல்லைகளும் ஒரே நேரத்தில் தீரும் என்ற பேச்சு, வெனிஸ் தனி நகராக இருந்தபோதே தொடங்கிவிட்டது.

1925 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸுடன் இணைவதற்கு ஆதரவு கிடைத்தது, இணைப்பும் நடந்தது. புதிய நிருவாகம் சாலைத் திட்டத்தை முன்னெடுத்தபோது கரையோர மனைக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். நீர்முகப்பு இருக்கிறது என்பதற்காகவே விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். அதையும் பறித்து, பறிப்பதற்கான செலவையும் தங்களிடமே வசூலித்தால் யார்தான் பொறுப்பார்கள்? வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று நகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. 1929-இல் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது.

இப்போது தெற்குத் தொகுதிக்கு வருவோம். தூர்க்கும் செலவை அந்தந்தக் கால்வாயின் கரையில் சொத்து வைத்திருப்போரிடமிருந்து தனித் தீர்வையாக வசூலிப்பதே நடைமுறை. வடக்கே வீடும் கடையும் நெருங்கியிருந்தன, தீர்வை வசூலாகும். தெற்கே பல மனைகள் வெறுமையாகக் கிடந்தன. குடியிருப்போர் மிகச் சிலர். தீர்வையைச் சுமத்தினால் தாங்க ஆள் இல்லை. போதாக்குறைக்கு 1929-இன் இறுதியில் பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியது. ஆகவே தெற்குக் கால்வாய்களை அப்படியே விட்டுவிட்டார்கள். மதகடி குறிப்பிட்ட பின்புறச் சந்தும் இங்கே துணை செய்தது என்பது என் எண்ணம்: அந்தச் சந்து வழியே கார் வீடுவரை வர முடிந்ததால், கால்வாயைச் சாலையாக்கியே தீரவேண்டும் என்ற நெருக்குதல் அங்கே இல்லை.

பதில்: செங்கடம்பு

ஒரு விடுபாட்டை மட்டும் நிரப்ப விரும்புகிறேன். கால்வாய்களைக் கின்னி வெட்டினார், மனை வணிகர்கள் வெட்டினார்கள் என்றே இத்திரியில் எழுதி வருகிறோம். கட்டுமானப் பணிகளுக்கும் பாலத்துறை வேலைகளுக்குமாக வந்து சேர்ந்தவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் கணிசமானோர். கால்வாய்க் கரையிலோ கடலோரத்திலோ அவர்கள் வீடு வாங்க முடியாது. இனப் பாகுபாடு அதற்கு இடமளிக்கவில்லை. உட்புறத்தில் ஓக்வுட் எனப்படும் பகுதியில்தான் அவர்கள் குடியமர்ந்தனர். கடற்கரையை ஒட்டிக் கறுப்பின மக்கள் நிலைத்து வாழ்ந்த மிகச் சில கலிஃபோர்னியக் குடியிருப்புகளில் அது ஒன்றாக வளர்ந்தது.

கின்னியின் கார் ஓட்டுநராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த இர்வின் டேபர் என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கின்னி வாழ்ந்த வீடு அவர் காலத்துக்குப் பிறகு டேபருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த வீடு நின்ற இடத்தில் ஒரு கறுப்பினத்தவர் குடியிருப்பதை அக்கம்பக்கத்தார் ஏற்கவில்லை. ஆகவே அவர் அந்த வீட்டையே பெயர்த்து ஓக்வுட்டுக்குக் கொண்டுசென்று நிறுத்தினார். சான்டா கிளாரா சாலையில் அது இன்றும் இருக்கிறது. கால்வாய்கள் போன தெருக்களைத் தேடிச் செல்பவர்கள் இந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்பேன்.

பதில்: நிலவரையன்

கால்வாய்கள் போன தெருக்களைத் தேட நேரில் செல்ல வேண்டியதில்லை, வரைபடமே போதும். விண்ட்வர்ட் சாலை கிழக்கே சென்று ஒரு வட்டச் சந்திப்பை அடைவதைப் பாருங்கள். அந்த விண்ட்வர்ட் வட்டம்தான் கின்னியின் உப்பங்கழி கிடந்த இடம். அங்கிருந்து தென்கிழக்காக, சுற்றியுள்ள தெருக்களோடு ஒட்டாத வளைவுடன் செல்லும் அகன்ற கிராண்ட் பூல்வார்டு, பழைய கிராண்ட் கால்வாய். மெயின் தெருவின் ஒரு பகுதி கோரல் கால்வாய். மார்க்கெட் தெரு ஆல்டெபரன். சான் வான் அவென்யூ வீனஸ். வட்டத்துக்குக் கிழக்கேயுள்ள விண்ட்வர்ட் அவென்யூ லயன். கப்ரியோவும் ஆல்டேரும் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டன. ஒரு தெரு இவ்வளவு அகலமாக, இவ்வளவு வளைவாக ஏன் இருக்கிறது என்று தோன்றும் இடங்களிலெல்லாம் அடியில் நீர் இருந்திருக்கிறது.

ஏடுபுரட்டி சொன்ன 1929-உடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில், தெற்குத் தொகுதிக்கும் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட தீபகற்பத்தில் எண்ணெய் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்குள் வீடுகளுக்கு நடுவே எண்ணெய்க் கோபுரங்கள் வரிசையாக எழுந்தன. கசிவும் கழிவும் கழியிலும் கால்வாயிலும் கலந்தன. ஆகவே பிழைத்த கால்வாய்கள் நல்ல நிலையில் பிழைக்கவில்லை. கரையோர நடைபாதைகள் இடிந்து விழ, 1942-இல் அவை பயன்பாட்டுக்கு உகந்தவையல்ல என்று அறிவிக்கப்பட்டன. வாடகை மலிவாக இருந்ததால் பின்னாளில் கலைஞர்களும் கவிஞர்களும் அங்கே வந்து தங்கினர்.

பதில்: மதகடி

கழிமுகன் நீரின் இன்றைய வழியைப் பற்றி எனக்குத் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

பலோனா ஓடை 1930-களில் நேரான கான்கிரீட் வாய்க்காலாக்கப்பட்டது. சதுப்பின் பெரும்பகுதியைத் தோண்டி மரினா டெல் ரே என்னும் படகுத்துறை அமைக்கும் பணி 1957-இல் தொடங்கி, 1965-இல் அது முறைப்படி திறக்கப்பட்டது. அதனால் பலோனா உப்பங்கழியின் வாய் இப்போது ஓடையில் இல்லை. மரினாவின் நுழைவாய்க்காலில் இருக்கிறது. ஏற்றத்தின்போது கடல் நீர் அந்த நுழைவாய்க்காலில் ஏறி, மதகு வழியே உப்பங்கழிக்குள் புகுந்து, வடக்கே நகர்ந்து, வாஷிங்டன் பூல்வார்டின் அடியிலுள்ள இன்னொரு மதகைக் கடந்து கிராண்ட் கால்வாயை அடைகிறது. அங்கிருந்து நான்கு குறுக்குக் கால்வாய்களுக்கும் ஈஸ்டர்ன் கால்வாய்க்கும் பிரிகிறது. வற்றத்தில் வந்த வழியே திரும்புகிறது. இரண்டு மதகுகளையும் கடலின் மட்டம் பார்த்துத் திறந்து மூடுவதால், கால்வாயில் நீர் எந்த அளவு நிற்க வேண்டும் என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள். வற்றத்தில் நீரை வடியவிட்டு, அடுத்த ஏற்றத்தில் புதுநீரை உள்ளே விடுவதும் உண்டு. வடிந்திருக்கும் நேரத்தில் பார்ப்பவர்களுக்கு அடிச்சேறும் அதில் இரை தேடும் கொக்கும்தான் தெரியும்.

1982-இல் இந்த ஆறு கால்வாய்களும் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றன. பத்தாண்டுகள் கழித்துத்தான் சீரமைப்பு முடிந்து 1993-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. கரையை எப்படிக் கட்டுவது என்பதில் அப்போது பெரும் சர்ச்சை நடந்தது. செங்குத்தான கான்கிரீட் சுவர் எழுப்பினால் வேலை எளிது, ஆனால் நண்டுக்கும் நீர்ப்பறவைக்கும் இடமில்லை. வெறும் மண்சரிவாக விட்டால் ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் கரை கரைந்துபோகும். முடிவில், குழிவுள்ள கான்கிரீட் கட்டைகளைச் சாய்வாக அடுக்கி, குழிகளில் மண் நிரப்பி, உவர்நீரைத் தாங்கும் செடிகளை நட்டார்கள். செடி வளர்ந்தபின் கட்டைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் நீர் வடிந்த வேளையில் கரையோரம் குனிந்து பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

ஒரு காலத்தில் தீர்வை செலுத்த ஆளில்லாமல் விடப்பட்ட அதே ஒடுங்கிய மனைகள் இன்று லாஸ் ஏஞ்சலஸின் விலையுயர்ந்த மனைகளில் சேர்ந்துவிட்டன என்பதால், மதகுகளின் பராமரிப்புக்கு இனிப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போனால் அந்த இரு மதகுகளையும் எந்த மட்டத்துக்கு உயர்த்துவது, வெளியே கடல் இறங்காத நாட்களில் மழைநீரை எங்கே வடிப்பது என்பவையே பொறியாளர்களுக்கு முன்னுள்ள வேலை. அதற்கு எக்கி வைத்து இறைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.